தொள்ளாயிரம் அடிக்குக் கீழே

பிப்ரவரி 6, திங்கள்

தக்காளிச் சாதம் இரண்டு டப்பாவில் கட்டினேன், ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. எட்டரை பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.

சோமனூரில் நான் வேலை செய்த தறிக்குடோனைப் பொங்கலுக்கு முன்பே மூடிவிட்டார்கள். தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கும் தார் வேலை எனக்கு, இருபத்தாறு வருஷம். பழைய மோட்டார்களை எடுக்க வந்த மயில்சாமித் தம்பி, நான் யாரிடமோ பேசிக்கொண்டே அறுந்த நூலை ஒற்றைக் கையால் முடிந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வெரலு எங்க பட்டறைக்கு வேணுமுங்க," என்றார். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. இன்று முதல் கருமத்தம்பட்டியில் அவருடைய பட்டறையில் மோட்டார் காயில் கட்டப் பழகுகிறேன். வயது நாற்பத்தொன்பது. பேத்தி மகிழினி நாலாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் என் படிப்பை எட்டிப் பிடித்துவிடுவாள்.

அளவுகள் எழுதிக்கொள்ள நோட்டு வேண்டும் என்றார் தம்பி. மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அளவோடு மற்றதையும் எழுதுகிறேன்.

போர்க்குழிக்குள் இறக்கும் மோட்டாரை இன்றுதான் பிரித்துப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய். உள்ளே சுற்றிலும் நீள நீளமாக இருபத்துநாலு காடிகள். ஸ்லாட் என்கிறார்கள். பிளாஸ்டிக் தோல் போட்ட செம்புக் கம்பியை இந்த வாயில் ஒருவர் நுழைக்க வேண்டும், அந்த வாயில் ஒருவர் இழுக்க வேண்டும். ஒரு ஸ்லாட்டுக்கு இருபத்தெட்டுச் சுற்று.

"இதுல கரண்டு உட்டா உள்ள ஒரு காந்தம் உண்டாகுதுங்க்கா. கம்பி நகராது, இரும்பு நகராது, காந்தம் மட்டும் வட்டம் போடும். நடுவுல இருக்கற உருளை அது பின்னாலயே ஓடும். வெளிய வர்ற மூணு ஒயர்ல ரெண்ட எடம் மாத்துனா எதிர்த்தெசையில ஓடும்."

"ஒண்ண ஒண்ணு தொடாமயா?"

"தொடவே தொடாதுங்க."

இருபத்தாறு வருஷம் மோட்டார் சத்தத்தில் வேலை செய்தேன். அதற்குள் இப்படி ஒன்று நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், இந்த மோட்டாருக்குள் தண்ணீர் நிறைந்திருக்குமாம்.

"கரண்டும் தண்ணியும் ஒரே வீட்லயா?"

"நடுவுல அந்தக் கம்பித் தோலு மட்டுந்தான் காவலு. முடியளவு கீறல் உழுந்தாலும் போச்சு. அதனால மோதிரம், வளையலு ரெண்டும் ஆகாதுங்க்கா. கழட்டி வெச்சிருங்க."

மோதிரத்தைக் கழற்றினேன். வளையல் வரவில்லை. கை பெருத்துவிட்டது, சோப்புப் போட்டாலும் வராது என்று சொன்னேன். தம்பி என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு துணிப்பட்டை கொடுத்து வளையல்மேல் இறுக்கிச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

விரல் நுனியெல்லாம் எரிகிறது. ரசத்தில் கை வைக்க முடியவில்லை. அவர்தான் தட்டுகளைக் கழுவினார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

பிப்ரவரி 16, வியாழன்

அவரைப் பற்றி எழுதவில்லையே. என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி. அதே குடோனில் தறி ஓட்டியவர். ஒரே ஆளாக எட்டுத் தறி பார்ப்பார். அவர் கையை நீட்டினால் அதில் நான் சுற்றிய தார் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஒரு நூல்மில் கேட்டில் பகல் வாட்ச்மேன். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார். நல்ல வேலை.

இன்று என் கையைப் பார்த்து, "ஏம்புள்ள, அது என்ன கட்டு, அடிகிடி பட்டுருச்சா?" என்றார். வளையல் உரசாமல் இருக்க என்றேன். "கழட்டோணுமா?" என்றார். "இல்லீங், வேண்டாம்னுட்டேன்," என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தேங்காய் துருவிக் கொடுத்தார்.

மார்ச் 3, வெள்ளி

பட்டறையில் மூத்த காயில்காரர் ஆறுச்சாமி அண்ணன். அவர் நுழைப்பார், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இழுப்பேன். ஒரு மாதமாக இழுப்பு மட்டும்தான். இன்று அவர் டீ குடிக்கப் போனபோது நான்கு சுற்று நானே நுழைத்தேன். திரும்பி வந்து பார்த்தார்.

"தாரு சுத்துன கையி தேரு இழுக்குமாக்கு?"

"வடத்த யாரு புடிச்சாலும் தேரு நகருமுங்கண்ணா."

தம்பி சிரித்துவிட்டார். ஆறுச்சாமி அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் என்னுடைய நான்கு சுற்றையும் பிரிக்கவும் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

மகிழினி போனில் கேட்டாள், "அம்மாயி, நீ இன்ஜினியர் ஆயிட்டியா?"

"இன்ஜினியரு படம் போடுவாங்க கண்ணு. அம்மாயி உள்ள கைய உட்டுச் செய்வா."

"ஷாக் அடிக்காதா?"

"அம்மாயி கட்டுனா அடிக்காது."

சொல்லிவிட்டேன். துணி துவைக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மோட்டாரைக்கூட முழுசாகக் கட்டியதில்லை.

மார்ச் 18, சனி

அன்னூர்ப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்ற விவசாயி எரிந்துபோன மோட்டாரை வேனில் கொண்டுவந்தார். பத்து எச்.பி. தொள்ளாயிரம் அடிப் போர். மூன்று ஏக்கர் வாழை, குலை தள்ளுகிற நேரம். "பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒரு வாரம் தண்ணி உடறேன்னாரு. அதுக்கு மேல அவருக்கே இல்லீங்," என்றார்.

அவர் போனபிறகு தம்பி அந்த மோட்டாரை என் பக்கம் உருட்டினார்.

"இது உங்களுதுங்க்கா. நீங்க நொழைங்க, ஆறுச்சாமிண்ணன் இழுக்கட்டும். இது ஓடுச்சுன்னா நீங்க காயில்காரரு, இந்த மேடை உங்களுது. எரிஞ்சுதுன்னா மறுக்கா கம்பி வெட்டிக் குடுத்துட்டு இருங்க. அதுலயும் தப்பொண்ணுமில்ல."

அதில் தப்பு உண்டு.

தொள்ளாயிரம் அடி என்றால் எவ்வளவு என்று யோசித்தேன். எங்கள் ஊர்க் கோபுரம் அறுபது அடி. பதினைந்து கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாகத் தலைகீழாகக் குத்தினால் அந்த ஆழம்.

மார்ச் 20, திங்கள்

ஆறு ஸ்லாட்.

மார்ச் 21, செவ்வாய்

ஏழு. கண்ணை மூடினாலும் வெள்ளைக் கம்பிதான் தெரிகிறது. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன். அவரே எடுத்துக்கொண்டார்.

மார்ச் 23, வியாழன்

முடிந்தது. முனைகளைச் சேர்த்துக் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனை. ஆறுச்சாமி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ம்," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

மார்ச் 25, சனி

போய்விட்டது.

மெக்கர் என்று ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் தோலில் ஓட்டை இருக்கிறதா என்று முள் சொல்லிவிடும். காயிலில் மொத்தம் மூன்று வரிசை. இரண்டு வரிசைக்கு முள் கடைசி வரை போனது. மூன்றாவதற்குப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

கம்பியை ஒவ்வொரு சுற்றாக உருவினோம். பதினேழாவது ஸ்லாட்டில் கண்டுபிடித்தோம். ஒரு கீறல். எறும்பு கடித்த மாதிரி. தம்பி அதைத் தடவிப் பார்த்தார், பிறகு என் துணிக்கட்டைப் பார்த்தார். நானே அவிழ்த்துக் காட்டினேன். கண்ணாடி வளையல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதன் விளிம்பு துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"மொத நாளே சொன்னனேங்க்கா."

குரலைக்கூட உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

பட்டறைப் பின்புறம் குழாயடியில் நின்று கழற்றினேன். சோப்பே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. முதல் நாளும் அப்படித்தான் வந்திருக்கும். இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. ஸ்டென்ட் வைக்க ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரை உள்ளே கொண்டுபோனபோது ஒரு நர்ஸ் என்னிடம் அவருடைய சட்டை, செருப்பு, கடிகாரம் மூன்றையும் கொடுத்தாள். கதவு திறக்கும்வரை நான் இரண்டு கை வளையலையும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் காரணம்.

சென்னியப்பனுக்குத் தம்பி போன் செய்தார். "இன்னொரு வாரமுங்க," என்றார். அந்தப் பக்கமிருந்து, "இலை தொங்கிப்போச்சுங்க தம்பி," என்ற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

"இன்னொரு வாட்டி கட்டட்டுங்களா?" என்றேன். தம்பி யோசித்தார். ஆறுச்சாமி அண்ணன் ஊரில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாயிற்று. அவர் அந்தக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர், எட்டு நாளைக்கு வரமாட்டார். தம்பிக்கு வெளி வேலை. நுழைக்க நான் இருக்கிறேன், இழுக்க ஆள் இல்லை.

"ஆளு கூட்டிட்டு வாறனுங்," என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரை என்று பஸ் ஏறும்வரை எனக்கே தெரியாது.

மார்ச் 26, ஞாயிறு

அவருக்குக் கொள்ளு வேகவைத்தேன். சாப்பிடும்போது என் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் போனப்பறம் கழட்டறத இப்பவே கழட்டிப் பழகறயாக்கு?"

"ஏனுங், வாயக் கழுவுங்க மொதல்ல!"

"சும்மா சொன்னம்புள்ள. அளுகாத. நல்லதுதான், உடைக்கற செலவு மிச்சம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், கீறலை, வாழையை, ஆறுச்சாமி அண்ணன் கம்பம் ஆடப் போனதை. ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வாருங்கள் என்று சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்தார். "எதுக்கால உக்காந்து இழுக்கறதுதான? உக்கார்ற வேலைக்குத்தான டாக்டரு எழுதிக் குடுத்துருக்காரு," என்றார். மில்லுக்குப் போன் போட்டு நான்கு நாள் லீவு சொன்னார். போனில் அவர் சொன்ன காரணம்: "வீட்ல காயில் கட்றாங்க. கூட ஆளு வேணும்."

மார்ச் 27, திங்கள்

பஸ்ஸில் இரண்டு டிக்கெட். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டு வந்தார், கீறிவிடும் என்று. நான் சொல்லவே இல்லை.

முதல் ஸ்லாட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் தறிக்காரர், வெடுக்கென்று இழுக்கிறார். "மெதுவாங், நூலில்ல இது." "இழுன்னா இழுக்கறேன், நிறுத்துன்னா நிறுத்தறேன், பேசாத." சாயங்காலத்துக்குள் கை பழகிவிட்டது. நான் நுழைத்துக் கம்பி அந்த வாயை எட்டும்போது அவர் விரல் அங்கே இருக்கிறது. அந்த இரும்புக்குள் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் அவர் கண் தெரிகிறது.

மார்ச் 29, புதன்

எண்ணிக்கையில் சண்டை. இருபத்தெட்டு முடிந்தது என்கிறார் அவர், இருபத்தேழு என்கிறேன் நான்.

"எட்டுத் தறி பாத்தவன்டி நானு, எனக்கு எண்ணத் தெரியாதா?"

"எட்டுத் தறிக்கும் தாரு எண்ணிக் குடுத்தவ நானுங்."

தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிரித்து எண்ணினோம். இருபத்தேழு. அவர் வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "ம், உடு," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் எண்ணவில்லை, நான் சொல்வதைத் திருப்பிச் சொன்னார்.

இழுக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்க, இல்லை, கம்பி சரியாக வருகிறதா என்று பார்க்க, அடிக்கடி குனிந்துகொண்டே இருந்தேன். கழுத்து வலி.

ஏப்ரல் 1, சனி

தொட்டியிலிருந்து எடுக்காமல் அப்படியே சோதித்தோம். கைப்பிடியை என்னையே சுற்றச் சொன்னார் தம்பி. முள் எழுந்தது. போனது, போனது, கடைசிக்கோட்டில் போய் நின்றது. மூன்று வரிசைக்கும். அங்கே ஓர் எண் போட்டிருந்தது. எட்டு, ஆனால் படுத்திருந்தது.

"எட்டுன்னா போதுமுங்களா?"

"அது எட்டில்லீங்க்கா. முடிவே இல்லைன்னு அர்த்தம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்தாவது வரைக்கும் அப்படி ஒரு எண் இருப்பதை யாரும் சொல்லித்தரவில்லை. படித்தவர்கள் அதற்கும் ஓர் அடையாளம் வைத்து, அதை ஒரு சின்னப் பெட்டிக்குள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்ட முள் என் கம்பியால் அங்கே போனது.

ஏப்ரல் 2, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பி வேறொரு போருக்குப் போக வேண்டியிருந்தது. "நீங்களே போங்க்கா, எறக்கற ஆளுக வர்றாங்க. நீங்க நின்னு பாத்தாப் போதும்," என்றார். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். கூப்பிடாமல்தான்.

வாழை நிற்கிறது, ஆனால் இலையெல்லாம் மடங்கி, குடை சாத்தின மாதிரி. சென்னியப்பன் வீட்டம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் அதைக் குடிக்க மனசு வரவில்லை.

பைப்பை ஒன்றோடு ஒன்று முடுக்கி, சங்கிலியில் இறக்கி, நாற்பத்தைந்து பைப். மோட்டார் முதல் பைப்போடு குழிக்குள் போனபோது குனிந்து பார்த்தேன். ஒரு சாண் அகலக் குழி, அதற்குள் இருட்டு. வெள்ளியாகப் பளபளத்தது, சிறுத்தது, இல்லாமல் போயிற்று. மதியம் இரண்டுக்கு மும்முனைக் கரண்ட் வந்தது. ஒயர்மேன் ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

தண்ணீர் மேலே ஏறி வர ஆறு நிமிஷம் என்று தம்பி கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு ஆனது. எட்டு ஆனது. பத்து ஆனது. பைப் வாய் காய்ந்தபடி இருந்தது.

"யாருங்க காயில் கட்டுனது?" என்றார் ஒயர்மேன்.

"நாந்தானுங்."

அவர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் வாழையைப் பார்த்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "மேல எடுத்துருங்க. காயில்ல கோளாறு," என்றார் ஒயர்மேன். நாற்பத்தைந்து பைப்பையும் கழற்ற வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒயர்மேன் கையில் ஆம்ப்ஸ் பார்க்கும் கருவி இருந்தது. மூன்று ஒயரிலும் மாட்டிக் காட்டுங்கள் என்றேன். சலித்துக்கொண்டே மாட்டினார். பதினொன்று. பதினொன்று. பதினொன்று.

அந்த மூன்று எண்ணையும் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. என் இருபத்தெட்டும் இருபத்தெட்டும் இருபத்தெட்டும் அங்கே கீழே இருந்துகொண்டு, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொன்ன மாதிரி இருந்தது.

"கோளாறுன்னா மூணும் ஒண்ணாக் காட்டாதுங். மோட்டாரு நல்லா ஓடுது, தலகீழா ஓடுது. அதனால தண்ணியத் தூக்க மாட்டேங்குது. ஸ்டார்ட்டர்ல ரெண்டு ஒயர எடம் மாத்திப் போடுங்க."

"அதெல்லாம் நான் பாத்துத்தான் போட்டன். நீங்க என்ன படிச்சிருக்கீங்?"

"அஞ்சாவது. மாத்திப் போடுங்க. வரலீன்னா நாப்பத்தஞ்சு பைப்பையும் நானே கூட நின்னு கழட்டித் தாறன்."

"அம்மிணி சொல்றாங்கல்ல, போடுங்க," என்றார் சென்னியப்பன்.

மாற்றிப் போட்டார். அழுத்தினார். கருவி பதினாறு காட்டியது, மூன்றிலும். நான் எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு தாண்டியதும் பைப் மூச்சு விட்டது. உஸ்ஸென்று நீளமாக, தூங்கி எழுந்த ஆள் மாதிரி. உள்ளே இருந்த காற்றெல்லாம் போயிற்று. ஒரு இருமல். செம்மண் குழம்பு துப்பியது. அப்புறம் ஒரு ஆள் கை தடிமனுக்குத் தண்ணீர், முழங்கை மடக்காத தண்ணீர், நேராக வந்து தொட்டியில் விழுந்தது.

எல்லாரும் கத்தினார்கள். ஒயர்மேன்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "அந்தப் பக்கம் நாந்தானுங் இழுத்தன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிரும் என்று நினைத்திருந்தேன். அது வெயிலின் சூடு இல்லை, பூமியின் வயிற்றுச் சூடு. எத்தனை வருஷமாக அங்கே கிடந்ததோ, யார் காலத்து மழையோ.

ஏப்ரல் 3, திங்கள்

ஒயர்மேன் மாற்றிப் போட்டதைத் தம்பியிடம் சொன்னேன். "நானா இருந்தாலும் மொதல்ல பைப்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்," என்றார். அது பொய், என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது. மேடையைத் துடைத்துக் கொடுத்தார். ஏழரை எச்.பி. ஒன்று வந்திருக்கிறது.

ஏப்ரல் 5, புதன்

இட்லி, தேங்காய்ச் சட்னி. அவர் மில்லுக்குப் போய்விட்டார். வளையல் காலையில் கழற்றுகிறேன், சாயங்காலம் போடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். வேலைக்கு ஆகாது என்றேன்.

இந்த வாரம் அன்னூர்ப் பக்கம் காலை எட்டரைக்கு மும்முனை விடுகிறார்கள் என்று சென்னியப்பன் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றபோது மணி பார்த்தேன். எட்டரை ஆகச் சில நொடி இருந்தது. பிறகு ஆனது. ரோட்டில் லாரி போனது, பூக்காரி தண்ணீர் தெளித்தாள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து கோபுர ஆழத்தில், ஒரு பொட்டு வெளிச்சம் போகாத இடத்தில், தண்ணீருக்குள், எதையும் தொடாமல் அது சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஆறு நிமிஷம் எண்ணிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.